பழைய திறந்த கார் வாங்குமுன்

ஹைதராபாத் சௌமஹல்லா அரண்மனையில் நிஜாம் குடும்பத்தின் பழைய கார்களைப் பார்த்துவிட்டு வரும் நம்மவர்கள் சிலர், "மடக்குக் கூரை வைத்த அமெரிக்கக் கார் மலிவாக வருகிறது, வாங்கலாமா?" என்று என்னிடம் கேட்பதுண்டு. வாங்கலாம். ஆனால் எஞ்சினைப் பார்க்குமுன் தரையைப் பாருங்கள் என்பேன்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 முதல் பம்பாயில் செவர்லே கார்களைப் பூட்டி விற்றது. 1954-இல் அந்த ஆலை மூடப்பட்டது. பிறகு உதிரி பாகங்கள் அரிதாயின. எஞ்சின் பழுதை நல்ல லேத் பட்டறையில் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். துருவேறிய சேஸிக்கும் உடலுக்கும் செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

மூடிய காரில் கூரையும் வலு தரும். திறந்த காரில் அந்தப் பாரமும் சேஸியின் மேல் விழுகிறது. துணிக்கூரை கிழிந்தால் மழைநீர் இறங்கித் தரைத் தகட்டை அரிக்கும். ஆகவே கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். கதவின் இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இல்லையென்றால் சேஸி தொய்ந்திருக்கலாம்.

அடுத்து ஆர்.சி. புத்தகம். எஞ்சின், சேஸி எண்கள் அதனுடன் பொருந்த வேண்டும். 2021-இல் வந்த விதிப்படி, 50 வயது கடந்த, அசல் வடிவம் மாறாத காரை 'வின்டேஜ்' என 20,000 ரூபாய் கட்டிப் பதியலாம்; 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் அதைக் கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு போன்றவற்றுக்கே வெளியே எடுக்கலாம். தினம் ஆபீசுக்கு ஓட்ட முடியாது.

விலையோடு பழுதுச் செலவையும் கூட்டிப் பாருங்கள். பிள்ளைகளின் படிப்புக்கென வைத்த பணத்தைத் தொடாமல் முடியுமானால் மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள்.