கொடையாளருக்கு எழுதும் முன்

அன்புத் தங்கைக்கு,

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த கையோடு, உன் வகுப்புக்குக் கணினியும் ப்ரொஜெக்டரும் வாங்க நன்கொடை தேடக் கிளம்பியிருக்கிறாய். மகிழ்ச்சி. கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். கூச்சமே வேண்டாம். 1950களின் பிற்பகுதியில், காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியல் போட்டார்கள். ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்றாகப் பொறுப்பேற்றுக் கொடுத்தார்கள். இன்றும் பல ஊர்களில் மேளதாளத்தோடு தட்டுகளும் பீரோவும் டி.வி.யும் சுமந்து தெருவழியே வந்து 'கல்விச் சீர்' வைக்கிறார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கேட்பது நம் பள்ளிகளுக்குப் பழக்கமான காரியம்தான்.

என் கவலையெல்லாம் நீ எதைக் கேட்கப்போகிறாய் என்பதில்தான்.

உன் பட்டியலில் பொருள்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. அதை ஓரமாக வைத்துவிட்டு இன்னொரு பட்டியல் எழுது. எந்தப் பிள்ளை எதில் தடுக்கி நிற்கிறது? 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பார்க்கத்தானே செய்கிறாய். அதில் முதற்படியான அரும்பு நிலைப் பிள்ளைகளிலிருந்து தொடங்கு. ஒருத்திக்கு ல, ள, ழ மூன்றும் காதில் ஒன்றாகவே விழுகிறது. ஒருவனுக்குக் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு பிடிபடவில்லை. வகுப்பு முழுக்கவே ஆங்கிலம் பேசிக் கேட்டதில்லை. இப்போது ஒவ்வொன்றுக்கும் என்ன வேண்டும் என்று பார். கழித்தலுக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள் போதும். எந்தத் திரையும் அதைவிட நன்றாகச் சொல்லித்தராது. ல, ள, ழ ஒலிகளுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரு நல்ல ப்ளூடூத் ஸ்பீக்கர் போதும். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில் அந்தச் சின்ன ஸ்பீக்கர் செய்யும் உதவி பெரிது. நீ நான்காம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் நேரத்தில் ஒன்றும் இரண்டும் திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்கும்.

பெரு நாட்டில் நடந்ததை நீ அறிந்திருக்க வேண்டும். 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தில் அங்கே பள்ளிகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினிகள் கொடுத்தார்கள். கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகள் 319இல் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தேறியதற்கான அடையாளம் எதுவும் அதில் தென்படவில்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை நடுநிலை வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வின்படி, நாலரை மாதத்திலேயே கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். இரண்டிடத்திலும் இருந்தது கணினிதான். ஆனால் டெல்லியில் அந்த மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் நிற்கும் படியிலிருந்தே கேள்வி கேட்டது; பக்கத்திலிருந்து சிறு குழுவாகச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் இருந்தார். ஆகவே கொடையாளரிடம் 'பத்து டேப்லெட் வேண்டும்' என்று எழுதாதே. எந்தப் பிள்ளைகள், எந்தப் பாடத்துக்கு, வாரத்தில் எத்தனை பிரிவேளை, பக்கத்தில் யார் இருப்பார் என்று எழுது. இதை எழுத முடியவில்லையென்றால் அந்தப் பொருளைக் கேட்கும் நேரம் இன்னும் வரவில்லை.

ஒரே ஒரு கணினி கிடைத்தாலும் அதில் செய்ய நிறைய இருக்கிறது. ஆனால் மவுஸ் யார் கையில் என்று பார். பெங்களூரிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தினர் கிராமப் பள்ளிகளில் இதைக் கவனித்தார்கள்: கணினியைச் சுற்றிக் கூட்டமாகப் பிள்ளைகள், மவுஸ் மட்டும் ஒருவர் கையில். 2006 வாக்கில் அவர்கள் ஒரே கணினியில் பல மவுஸ்களைச் செருகி, ஆளுக்கொரு நிறத்தில் அம்புக்குறி ஓடும்படி செய்தார்கள். கூட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள் எல்லோருமே பாடத்துக்குள் வந்தார்கள். உனக்கு அந்த ஏற்பாடு வேண்டியதில்லை. கரும்பலகை ஓரத்தில் முறை எழுதி வை. இல்லாவிட்டால் மவுஸ் எப்போதும் முண்டியடிக்கும் பையனிடமே இருக்கும், பின்னால் நிற்கும் பெண்பிள்ளை வருடம் முழுக்க வேடிக்கை பார்த்துவிட்டுப் போவாள். இதைப் பல பள்ளிகளில் கண்டு மனம் நொந்திருக்கிறேன்.

ப்ரொஜெக்டர் பற்றி. உன் வகுப்பறையின் சன்னல்களுக்குத் திரை இருக்கிறதா? பகல் வெளிச்சத்தில் படம் வெளிறிப்போகும். கதவைச் சாத்தினால் ஏப்ரல் மாதத்தில் பிள்ளைகள் வெந்துபோவார்கள். சுவரில் மாட்டும் டி.வி. கேள். கூடவே பென்டிரைவும் கேள், சிக்னல் வரும் இடத்தில் பாடங்களைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ள. அதற்கும் முன்னால், அரசு ஏற்கெனவே கொடுத்த திறன்மிகு வகுப்பறைக் கருவி எதுவும் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுப் பார்.

பழைய கணினி தருகிறோம் என்பவர்களிடம் மரியாதையாகவே விசாரி: ஓடுகிறதா, சார்ஜர் உண்டா, பேட்டரி நிற்குமா. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டதால் அலுவலகங்கள் நிறையக் கணினிகளைக் கழிக்கும். லினக்ஸ் போட்டால் அவற்றில் பல இன்னும் சில வருடம் உழைக்கும். ஓடாததை வாங்காதே. அது உன் வகுப்பின் மூலையை அடைத்துக்கொள்ளும், பதிவேட்டிலிருந்து அதைக் கழிப்பது வாங்குவதைவிடக் கடினம். எர்த் சரியாக இருக்கும் பிளக் பாயின்ட், ஸ்டெபிலைசர், ஒரு வருடப் பழுதுபார்ப்புச் செலவு மூன்றையும் கோரிக்கையிலேயே சேர். பொருள் தருபவர் இதையும் தருவார், கேட்காததால்தான் தருவதில்லை.

பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம். அதில் கல்வியும் அடங்கும். 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாகவும் கேட்கலாம். எந்த வழியானாலும் பொருளை இருப்புப் பதிவேட்டில் ஏற்று, ரசீது கொடு. பிள்ளைகளை ஏங்கிய முகத்தோடு நிற்கவைத்துப் படமெடுத்து அனுப்பாதே. அவர்கள் எழுதிய ஒரு பக்கத்தை அனுப்பு.

இத்தனைக்கும் முன்னால் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் வேண்டும். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூலி வேலைக்குப் போகும் தாய்மாருக்கு எந்த நேரம் தோது என்று கேட்டுக் கூட்டம் வை. எதற்காக இதைக் கேட்கிறாய் என்று அவர்களுக்குப் புரியும்படி சொல். லீவு நாளில் யார் பார்த்துக்கொள்வது, உடைந்தால் எங்கள் தலையில் கட்டுவீர்களா, என் பிள்ளைக்கு முறை வருமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளை அப்படியே குறித்துக்கொள். அவற்றுக்குப் பதில் எழுதினாலே கொடையாளருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தில் பாதி முடிந்துவிடும்.

அன்புடன்,
உன் அக்கா,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை