"அய்யா உண்டு" என்பதும் மாதக் கடைசியும்



நாம் ஒருவரையொருவர் காணும்போது "அய்யா உண்டு" என்கிறோம். "அய்யா தருவார்" என்று சொல்வதில்லை. தி. நகர் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் கடைகளில் வேலை பார்க்கும் நம் தென்மாவட்டப் பிள்ளைகளுக்கு, மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வீட்டுவேலைக்குப் போகும் தாய்மாருக்கு, மாதம் 20 தேதி ஆனால் கையில் காசு நிற்பதில்லை. வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், தங்கச்சியின் காலேஜ் பீஸ் என்று எல்லாம் வரிசையாக நிற்கும். அந்தப் பத்து நாளில் "உண்டு" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதே இந்தப் பாடம்.

அய்யா வைகுண்டர் தவமிருந்த காலத்துத் தென்திருவிதாங்கூரை நினைத்துப் பாருங்கள். தலைக்கு வரி, பனைக்கு வரி, கூலியில்லாத ஊழியம். நம் முன்னோரிடம் சேமிப்பு என்று ஏது? பயம் முற்றினால் மனிதன் எதையாவது கொடுத்துப் பாதுகாப்பை வாங்கப் பார்ப்பான். ஆடும் கோழியும் பலி போயின. பேய்க்குப் படைப்பு, மந்திரவாதிக்குக் கூலி என்று வரிக்குத் தப்பிய மிச்சமும் போயிற்று. அய்யா முதலில் அடைத்தது இந்த ஓட்டையைத்தான். தெய்வத்துக்குப் பலியும் வேண்டாம், பணமும் வேண்டாம் என்றார். ஏழைக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இருந்திருக்குமா? கையில் ஒன்றுமில்லாதவனும் வெறுங்கையோடு வந்து நிற்கலாம்.

1839இல் அய்யா சிறை மீண்ட பின் நடந்த துவையல் தவசை நாம் அறிவோம். சுமார் 700 குடும்பத்தார் கடலோரத்தில் வாகைப்பதியில் தங்கினார்கள். நாள்தோறும் குளித்து, துணி துவைத்து, ஒருவேளை மட்டும் உண்டார்கள். பச்சரிசியும் சிறுபயறும்தான் சாப்பாடு. பணம் பெருக்கும் வித்தை எதையும் அங்கே அவர்கள் கற்கவில்லை. குறைவிலும் சுத்தமாக, கூட்டாக, பயமின்றி வாழ முடியும் என்பதை உடம்பாலேயே கற்றார்கள். தலையில் துணி கட்டவும் தடை இருந்த காலத்தில் தலைப்பாகை கட்டி வணங்கினார்கள். பை நிறையும் முன்பே தலை நிமிர்ந்தது. அய்யா உண்டு என்பதற்கு அவர்கள் கண்ட பொருள் இது.

பை நிறைந்தவர்க்கு மட்டும் என்ன உறுதி இருக்கிறது? 2015 டிசம்பர் முதல் வாரம் அடையாறு கரைமீறியபோது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் சொந்த வீட்டுக்காரரும் குடிசைக்காரரும் ஒரே சாப்பாட்டுப் பொட்டலத்துக்குக் கை நீட்டினார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ரங்கநாதன் தெரு ஆளில்லாமல் கிடந்தது. முதலாளிக்கும் தூக்கமில்லை, தொழிலாளிக்கும் தூக்கமில்லை.

இன்றைக்கு மந்திரவாதி வேறு வேடத்தில் வருகிறான். கஷ்டம் தீரப் பரிகாரம் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவன் ஒருவன், கேட்டவுடன் கடன் என்று போனில் ஆசைகாட்டுபவன் இன்னொருவன். மீட்டர் வட்டிக்கு வாங்கி வீட்டில் விசேஷம் நடத்துவதைப் பக்தி என்று எண்ணுவோரும் நம்மில் உண்டு. இவை எல்லாம் பழைய பலிதான். இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது: "அவனுக்கு நம்பிக்கை போதாது, அதுதான் கஷ்டம்" என்பது. பசித்தவன் முகத்துக்கு நேரே சொல்லத்தகாத பேச்சு அது. வாகைப்பதியில் ஒருவேளை உண்டவர்களுக்கு நம்பிக்கை குறைவா?

அதேபோல, "எல்லாம் அய்யா பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு பி.எஃப். கணக்கு எண்கூடத் தெரியாமல் இருப்பதும் சரியில்லை. இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. பத்து மணி நேரம் நின்று கால் வீங்கும் பிள்ளை அதைக் கேட்டுப் பெறுவதில் அய்யாவை நம்பாமை எங்கே வந்தது? வாடகை தர முடியாவிட்டால், தேதி தாண்டும் முன்பே வீட்டுக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். ஒளிந்து நடப்பதுதான் மனதைத் தின்னும். அறையில் உடன் தங்கும் பையன் இரவு சாப்பிடாமல் படுத்தால், இருக்கிற இரண்டு இட்லியில் ஒன்றை அவனுக்குக் கொடுங்கள். தர்மம் செய்யச் சம்பள உயர்வு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மாசி 20 அய்யா அவதாரத் திருநாளுக்குச் சாமித்தோப்பு போக எல்லாருக்கும் ஆசை இருக்கும். லீவு கிடைக்காதவர், டிக்கெட்டுக்குக் காசில்லாதவர் கடன் வாங்கிப் புறப்பட வேண்டாம். மணலி புதுநகரில் அய்யா வைகுண்ட தர்மபதி இருக்கிறது, அங்கே போகலாம். அதற்கும் நேரமில்லையென்றால் விடியுமுன் எழுந்து குளித்து, நெற்றியில் நாமமிட்டு, அறையிலேயே நின்று அய்யாவை நினைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள்.