ஏறுகிற காலை அளந்து படி வாங்குங்கள்

பிக்கப் வண்டி வாங்கப் போகிறவர்கள் இஞ்சினைப் பார்ப்பார்கள், நாலு சக்கர ஓட்டம் இருக்கிறதா என்று கேட்பார்கள், பின்னால் எத்தனை மூட்டை ஏறும் என்று கணக்குப் போடுவார்கள். வீட்டில் இருக்கும் எழுபது வயது அம்மா அதில் எப்படி ஏறுவார் என்று ஷோரூமில் யாரும் யோசிப்பதில்லை. முதன்முதலாகக் குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போதுதான் அது தெரியும். வண்டியின் தரைத்தளம் மண்ணிலிருந்து ஏறக்குறைய இரண்டடி உயரம். சேலை கட்டிய பெண்மணி ஒரே எட்டில் காலைத் தூக்கி வைக்கிற உயரமா அது?

உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிற வீடுகளில் டபுள் கேபின் பிக்கப் இப்போது சாதாரணமாகிவிட்டது. எங்களுடையது இசுசு வி-கிராஸ். படி இல்லாமல்தான் எங்களிடம் வந்தது. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. அவருக்காகத்தான் சைடு ஸ்டெப் தேட ஆரம்பித்தேன். அதன்பிறகு சித்தப்பா வண்டிக்கும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஹைலக்ஸுக்கும் கூடவே நின்று மாட்டிக் கொடுத்திருக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்கு அழுத்தமாகச் சொல்ல ஒன்று உண்டு. கடைக்குப் போய்ப் பளபளப்பைப் பார்த்துப் படி வாங்காதீர்கள். அந்த வண்டியில் ஏறச் சிரமப்படுகிறவர் யாரோ, அவருடைய காலை அளந்து வாங்குங்கள்.

அளப்பதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்கதவுப் பக்கம் நாலு அங்குல சாலிட் பிளாக் கற்களை அகலமாகப் பரப்பி, மேலே ஒரு பலகை போட்டேன். நான் ஒரு பக்கமும் என் மனைவி ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, அம்மா பலகைமேல் நின்று உள்ளே ஏறிப் பார்த்தார். ஒரு அடுக்கில் கீழே சுலபம், மேலே எட்டவில்லை. மூன்று அடுக்கு வைத்ததும் "இது போதும் கண்ணு, நம்ம பொடக்காலிப் படியாட்டவே இருக்குது" என்றார். பலகையோடு சேர்த்து டேப் வைத்துப் பார்த்தால் பதின்மூன்று அங்குலம். அதற்குமேல் போனால் தரையிலிருந்து முதல் கால் தூக்குவது கஷ்டம், குறைந்தால் படியிலிருந்து உள்ளே ஏறுவது கஷ்டம். அந்த எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டுதான் கோயம்புத்தூர் போனேன்.

கடையில் காட்டிய முதல் நாலைந்து வகைகள் எல்லாமே கதவுக்கு அடியில் ஒட்டினாற்போல உட்காருகிறவை. பார்க்க வண்டியோடு பிறந்ததுபோல் அழகாக இருக்கும். ஆனால் தரையிலிருந்து பதினேழு, பதினெட்டு அங்குலத்தில் இருக்கிற படியில் முட்டிவலிக்காரர் கால் வைக்க முடியாது. அது இளைஞர்கள் மேல்கூரையில் சாமான் கட்ட ஏறி நிற்பதற்கு உதவும், அவ்வளவுதான். நேர்மாறாக ரொம்பவும் தொங்குகிற படியும் வேண்டாம். வாய்க்கால் கரையில் முன்சக்கரம் ஏறி இறங்கும்போது வண்டியின் நடுவயிறுதான் முதலில் தட்டும், அங்கேதான் படியும் இருக்கிறது. தோட்டத்து வரப்பு ஏறுகிற வண்டிக்குத் தரையிலிருந்து ஓரடிக்குக் கீழே எதையும் தொங்கவிடாமல் இருப்பது நல்லது.

உயரத்துக்கு அடுத்தது நீளம். இதைப் பலரும் கவனிப்பதில்லை. பெரியவர்கள் உட்காருவது பெரும்பாலும் பின்சீட்டில். டபுள் கேபினில் பின்கதவின் திறப்பு குறுகல், அதன் பின்பாதியைச் சக்கர வளைவு தின்றுவிடும். விலை குறைந்த படிகள் பல பின்கதவின் பாதியிலேயே முடிந்துவிடுகின்றன. முன்னால் உட்காருகிறவருக்கு நல்ல படி, பின்னால் ஏறுகிறவருக்குக் கால் வைக்க ஒரு முனை மட்டும் மிச்சம். கடையில் படியைத் தரையில் வைத்துக் காட்டும்போது இது தெரியாது. வண்டியின் அருகே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

அகலம் ஐந்திலிருந்து ஆறு அங்குலம் தட்டையாக இருந்தால் போதும். மூன்று அங்குல உருட்டுக் குழாயை வளைத்து, கதவுக்கு நேரே மட்டும் ஒரு ரப்பர் பட்டை ஒட்டியிருப்பார்களே, அதில் ஷூ போட்ட கால் நிற்கும், மழையில் நனைந்த ஹவாய் செருப்பு நிற்காது. ரொம்ப அகலமாகப் போவதிலும் ஒரு சங்கடம் உண்டு. இறங்கும்போது படியைத் தாண்டிக் கால் வைக்கிறவர்களின் வேட்டி விளிம்பும் சேலைக் கரையும் படியில் அப்பியிருக்கும் சேற்றைத் துடைத்துக்கொண்டு வரும். மிதிக்கும் இடத்தில் துளைகள் குத்தி, துளை விளிம்புகள் பல்லாக எழும்பி நிற்கிற தகடு எனக்குப் பிடித்தது. சேறு கீழே விழுந்துவிடும், செருப்பு பிடித்துக்கொள்ளும். எங்கள் ஊர் லேத் பட்டறைகளில் செக்கர் பிளேட் வெட்டிச் செய்து தருவார்கள். பலமானதுதான், ஆனால் கனம் அதிகம், களிமண் அதில் அப்படியே தங்கிவிடும்.

எந்த உலோகம் என்ற கேள்விக்கு வருகிறேன். ஸ்டீலில் பவுடர் கோட்டிங் செய்தது விலை குறைவு. நல்ல பலம். கல் தெறித்துக் கோட்டிங் உரிந்த இடத்தில் துரு ஆரம்பிக்கும், வருடத்துக்கு ஒருமுறை டச்சப் பெயிண்ட் அடித்தால் சமாளிக்கலாம். அலுமினியம் துருப்பிடிக்காது, கனம் குறைவு. ஆனால் அலுமினியப் படியை இரும்பு பிராக்கெட்டில் நேராக முடுக்கினால், ஈரத்தில் இரண்டு உலோகமும் உரசுகிற இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். இடையில் ரப்பரோ நைலான் வாஷரோ போட வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லி விற்பதில் மட்டும் எச்சரிக்கை தேவை. கடைக்காரர் காந்தத்தை வைத்து, "ஒட்டலை பாருங்க அண்ணா, சுத்தமான 304" என்பார். 202 என்ற மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அதில் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம், உப்புக்காற்றில் சீக்கிரம் பழுப்புக் கறை ஏறும். உடுமலையில் பரவாயில்லை. தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்றால் பில்லில் 304 என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கதவைத் திறந்தால் தானாக இறங்கி, மூடினால் உள்ளே போகும் மோட்டார் படியும் வந்திருக்கிறது. நகரத்தில் தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது நல்ல வசதி. தோட்டத்து வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கீல்களில் புழுதியும் சேறும் புகுந்தால் பாதியில் நின்றுவிடும், ஒயரைக் கடிக்க எலிகளும் எங்கள் பக்கம் குறைவில்லை.

வாங்கப் போன இடத்தில் படியோடு சேர்த்து முன்பக்க இரும்பு கார்டையும் தலையில் கட்டப் பார்த்தார்கள். அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இத்தகைய கார்டுகள் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு எதிரானவை என்று மாநிலங்களுக்கு எழுதியது. மோதினால் பாதசாரிக்கும் ஆபத்து, உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து.

மாட்டுவது அரைநாள் வேலை. தனியாகச் செய்யாதீர்கள், ஒருவர் தூக்கிப் பிடிக்க வேண்டும். முதலில் வண்டியின் அடியில் படுத்துப் பாருங்கள். பல பிக்கப்களில் கதவுக்குக் கீழே ஓடும் அடிப்பட்டையின் உட்புறம், கம்பெனியே மரை போட்ட துளைகளை விட்டு ரப்பரால் மூடியிருக்கும். அந்தத் துளைகளில் உட்காருகிற பிராக்கெட் உள்ள படியை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். "துளை இல்லைன்னா என்ன அண்ணா, ரெண்டு டாக் வெல்டிங் வச்சா ஆச்சு" என்று எந்தப் பட்டறையில் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். சேஸில் வெல்டிங் வைத்தால் சூடுபட்ட இடம் பலமிழக்கும், பேட்டரியைக் கழற்றாமல் வைத்தால் எலக்ட்ரானிக்ஸும் போகலாம். இன்னொன்றும் உண்டு. பிக்கப்பில் சேஸ் தனி, பாடி தனி, நடுவில் ரப்பர் புஷ்கள். மேடுபள்ளத்தில் சேஸ் முறுக்கும்போது பாடி அதே அளவு முறுக்காது. ஒரே பிராக்கெட்டை இரண்டிலும் இறுக்கிக் கட்டினால் நாளடைவில் ஏதாவது ஒன்று விரிசல் விடும்.

கம்பெனித் துளைகளில் மண்ணும் பெயிண்டும் அடைத்திருக்கும். துருநீக்கி எண்ணெயைத் தெளித்து ஊறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, போல்ட்டைக் கையாலேயே முழு மரையும் ஓட்டிப் பாருங்கள். இதில் பொறுமை காட்டியே ஆக வேண்டும். அந்த மரை இருக்கும் நட், மூடிய பெட்டி போன்ற அடிப்பட்டைக்குள் ஒட்டவைக்கப்பட்டது. இறுகிப்போன துளையில் காற்றுத் துப்பாக்கியால் போல்ட்டை ஓட்டினால் நட் பெயர்ந்து உள்ளேயே சுற்றும். பிறகு தகரத்தை வெட்டித்தான் எடுக்க முடியும். சித்தப்பா வண்டியில் மெக்கானிக் துப்பாக்கியை எடுத்ததும் தடுத்து, 13-ஆம் நம்பர் ஸ்பேனரைக் கையில் கொடுத்தேன். 8 மி.மீ. போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம் போதும். டார்க் ரென்ச் இருந்தால் உத்தமம்.

பிராக்கெட்டுகளில் இடது, வலது, முன், பின் என்று குறித்திருக்கும். எல்லாவற்றையும் தொளதொளவென்று மாட்டி, படியை அதன்மேல் ஏற்றி, கதவின் கோட்டுக்கு நேராக இருக்கிறதா என்று பத்தடி தள்ளி நின்று பார்த்தபிறகு இறுக்குங்கள். பிராக்கெட் எதுவும் டீசல் குழாய், பிரேக் லைன், ஒயர் கட்டு மீது உரசக் கூடாது. அடிப்பட்டையில் மழைநீர் வடிய விட்ட சிறு துளைகளை அடைக்கவும் கூடாது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, முன்சக்கரம் படியின் முனையில் தொடுகிறதா என்று பாருங்கள். வண்டியோடு வந்த ஜாக்கியை அதன் இடத்தில் வைத்துத் தூக்கிப் பாருங்கள், படி வழிமறித்தால் வீட்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது. படிக்கு அடியில் மட்டும் ஜாக்கி வைக்காதீர்கள், வண்டியின் பாரத்தைத் தாங்க அது செய்யப்படவில்லை. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை பார்த்து இறுக்குங்கள். புதுசில் கொஞ்சம் தளரலாம்.

படியை மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். ஏறுகிறவருக்குக் கைப்பிடியும் வேண்டும். பின்கதவுத் தூணில் பிடி இல்லாத வண்டி என்றால், கம்பெனிப் பிடி கிடைக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். அம்மா இப்போது வலது கையால் பிடியைப் பற்றி, வலி குறைந்த காலைப் படியில் வைத்துத் தானே ஏறுகிறார். இறங்கும்போது சீட்டைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முட்டியில் விழும் பாரம் குறைவு என்கிறார்.

படி மாட்டிய நாளிலிருந்து தோப்புக்கு வருகிற ஆட்கள் அதில் தொற்றிக்கொண்டு வர ஆசைப்படுவார்கள். "கேட் வரைக்குந்தானுங்க" என்பார்கள், பையன்களும் ஏறி நிற்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு, ரன்னிங் போர்டில் ஆளை ஏற்றிச் செல்வதையும் அதில் நின்று பயணம் செய்வதையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது. பின்சக்கரம் அந்தப் படிக்கு இரண்டு சாண் தள்ளித்தான் சுற்றுகிறது. உங்கள் சொந்தத் தோப்புக்குள், பத்து கிலோமீட்டர் வேகத்தில் போனாலும், படியில் ஆள் நிற்கும்போது வண்டியை நகர்த்தாதீர்கள்.