உலகச் சுகாதாரம் படித்தால் வேலை எங்கே?



"உலகச் சுகாதாரம் படிச்சா டாக்டர் ஆகலாமா அண்ணா?" ஜொகூரில் நம் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஆக முடியாது. இந்தப் படிப்பின் வேலை வேறு.

1998-99இல் நம் நாட்டில் பரவிய நிப்பாவை நினைச்சுப் பாருங்க. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசு மருந்து அடித்தாங்க. உண்மையில் அது பன்றிகளிடமிருந்து தொற்றிய புது வைரஸ். 105 பேர் இறந்தார்கள். நோய் எங்கிருந்து வருது, யாரைத் தாக்குது என்று தேடித் தடுப்பதே உலகச் சுகாதாரம். அதனால் புள்ளியியலை நன்றாகப் படியுங்கள். வேலைக்கு எடுப்பவர்கள் பட்டத்தோடு அந்தத் திறமையையும் பார்ப்பாங்க.

அடுத்தது பயிற்சி வேலை. உலகச் சுகாதார நிறுவனம் 6 முதல் 24 வாரம் பயிற்சி தருகிறது. 2020 முதல் உதவித்தொகையும் உண்டு. வயது 20 ஆகியிருக்கணும். படிக்கும்போதே, அல்லது படிப்பு முடிந்த 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்கணும். "பட்டமளிப்பு முடியட்டும்" என்று காத்திருந்தால் கதவு மூடிடும்.

ஜெனீவாவை மட்டும் பார்க்காதீங்க. அந்நிறுவனத்தின் அலுவலகம் சைபர்ஜெயாவிலேயே இருக்கு. ஐக்கிய நாட்டுப் பல்கலைக்கழகத்தின் உலகச் சுகாதார ஆய்வுக் கழகம் கோலாலம்பூர் செராஸில் இருக்கு.

பயிற்சி: உங்கள் படிப்பு முடியும் தேதியோடு 6 மாதத்தைக் கூட்டி, நாட்காட்டியில் இன்றே குறித்து வையுங்கள்.