கண்ணாடியும் விளம்பரப் பலகையும்

பதியிலும் நிழல் தாங்கலிலும் பள்ளியறைக்குள் சிலை கிடையாது. விளக்குகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி இருக்கிறது. அதன் முன்னால் வந்து நிற்கும் அன்பர் காண்பது தம் உருவத்தையே. இறைவன் உனக்குள்ளே இருக்கிறான் என்று சொல்லாமல் சொல்லும் பாடம் அது. ஆணாயினும் பெண்ணாயினும், பணக்காரராயினும் கூலிக்காரராயினும், கண்ணாடியில் தெரியும் ஒவ்வொரு உருவமும் அய்யா குடியிருக்கும் இடம்.

உச்சிப்படிப்பு முடிந்து மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தாய் வெளியே வருகிறார். சாலை முனையில் ஒரு பெரிய விளம்பரப் பலகை. விற்கும் பொருள் ஒன்று, காட்டும் படம் வேறு. பொருளுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு பெண்ணின் உடம்பு அங்கே பரப்பி வைக்கப்பட்டிருக்கிறது. "இது எதுக்கும்மா?" என்று பிள்ளை கேட்டால் தாய் என்ன சொல்வார்? சற்று முன்புதான் அந்தப் பிள்ளை கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து வணங்கி வந்திருக்கிறது. உள்ளே தெய்வம் வாழும் உருவம், வெளியே விலைக்கு வைத்த உருவம். இரண்டில் பிள்ளை எதை நம்பும்?

"பார்க்காமல் போனால் போகிறது" என்று சிலர் சொல்வார்கள். பத்திரிகையை மடித்து வைக்கலாம், தொலைக்காட்சியை நிறுத்தலாம். தெருவை அப்படி நிறுத்த முடியாது. பள்ளிக்குப் போகும் பிள்ளையும் பதிக்குப் போகும் பாட்டியும் அந்த வழியாகத்தான் நடக்க வேண்டும். பொது வழி எல்லாருக்கும் உரியது. அங்கே வைப்பது யாருடைய மானத்தையும் குறைப்பதாக இருக்கக்கூடாது.

இந்த மண்ணுக்கு இது பழைய நோவு. திருவிதாங்கூர் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தோள்சீலை அணியத் தடை இருந்தது. ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது. அந்தக் காலத்தில்தான் அய்யா வைகுண்டர் தம் மக்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். 1859-ஆம் ஆண்டில்தான் பெண்கள் மேலாடை அணிய அரசு ஆணை வந்தது. அதுவும் உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு வந்தது. அன்று அதிகாரம் பெண்ணின் மானத்தில் கை வைத்தது. இன்று வியாபாரம் கை வைக்கிறது. இரண்டிலும் பெண் ஓர் உயிராக மதிக்கப்படவில்லை. ஆகவே அன்புக்கொடி மக்கள் இதைக் கண்டும் காணாமல் போவது முறையல்ல.

எதிர்ப்பதற்கும் ஒரு தர்மம் உண்டு. படத்தில் இருக்கும் பெண்ணைத் தூற்றுவது எதிர்ப்பு ஆகாது. அவளும் கண்ணாடியில் தெரியும் அதே உருவம்தான். தெருவில் போகும் பெண்களின் உடையைக் குறை பேசுவதும் ஆகாது. குற்றம் அந்த உடம்பை வைத்துக் காசு பார்ப்பவரிடம் இருக்கிறது. பலகையைக் கிழிப்பது, தார் பூசுவது, தீ வைப்பது எதுவும் அய்யா காட்டிய வழி அல்ல. அரசன் அய்யாவைப் பிடித்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தபோதும் அய்யா தம் மக்களிடம் பொறுமையையே கேட்டார். பொறுமை என்றால் வாய் மூடியிருப்பது என்று பொருள் அல்ல. நீசத்தனத்தை நீசத்தனம் என்று சொல்ல அய்யா ஒருநாளும் அஞ்சியதில்லை.

சட்டமும் துணை நிற்கிறது. பெண்களை இழிவாகச் சித்தரிக்கும் விளம்பரங்களை 1986-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறது. முதல் முறை குற்றம் உறுதியானால் இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. காவல் நிலையத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம். மும்பையில் இருக்கும் இந்திய விளம்பரத் தரக் குழுவுக்கும் புகார் அனுப்பலாம். பலகை இருக்கும் இடம், பார்த்த தேதி, விளம்பரம் எந்தப் பொருளுக்கு, அதில் எது இழிவு என்பவற்றைத் தெளிவாக எழுதி, புகைப்படமும் சேர்த்தால் போதும். கோபமான வார்த்தை தேவையில்லை.

மனுவில் அன்புக்கொடி மக்களின் கையெழுத்து மட்டும் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கோயிலுக்குப் போகிறவர், தேவாலயத்துக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர் எல்லாருடைய பிள்ளைகளும் அந்தச் சாலையில்தான் நடக்கிறார்கள். முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாகத் தண்ணீர் எடுத்தது போல, இந்தக் காரியத்திலும் எல்லாரும் ஒன்றாக நிற்கலாம்.

கடைசியாக ஒன்று. அடுத்தவர் பலகையைக் குறை சொல்லுமுன் திருவிழாவுக்கு வைக்கும் பலகைகளையும் பார்க்க வேண்டும். அய்யாவின் திருநாமம் மூலையில் சிறிதாகவும், நன்கொடை கொடுத்தவர் முகம் நடுவில் பெரிதாகவும் இருந்தால் அதுவும் விளம்பரம்தான். நடப்பவரின் வழியை மறைத்தால் அதுவும் இடைஞ்சல்தான். சாமிதோப்பில் எட்டாம் திருநாளன்று அய்யா வெள்ளைக் குதிரை வாகனத்தில் கலிவேட்டைக்கு எழுந்தருள்கிறார். கலி தெருவில் மட்டும் இல்லை, அவரவர் மனதிலும் இருக்கிறது. அதை முதலில் வேட்டையாடியவர் எழுதும் மனுவுக்கு வலிமை அதிகம்.

அந்தப் பிள்ளை அடுத்த முறை கேட்கும்போது, "இது தப்பு, எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கோம்" என்று தாய் பதில் சொல்லட்டும். பிள்ளை கண்ணாடியை நம்பும்.

அய்யா உண்டு.