மக்களிடமே கேட்டுவிட்டால் என்ன?



மஷூரா நமக்குப் புதிய சொல் அல்ல. கல்யாணப் பேச்சிலிருந்து பள்ளிவாசல் கட்டடம் வரை கலந்து பேசித்தான் செய்கிறோம். குர்ஆனில் ஓர் அத்தியாயத்துக்கே அஷ்ஷூரா என்று பெயர். ஆகவே, நாட்டின் அரசமைப்புச் சட்டத்தை மாற்றும்போது எல்லா மக்களிடமும் நேரடியாக வாக்குக் கேட்டு மாற்றலாமே என்று யாராவது சொன்னால் நமக்கு உடனே நல்லதாகவே படும். நாடு முழுக்க ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவதற்கான 129ஆவது திருத்த மசோதா 2024 டிசம்பரில் மக்களவைக்கு வந்ததிலிருந்து, "இதையெல்லாம் நம்மிடம் கேட்கவே மாட்டார்களா?" என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைத்தான் இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

கேட்க மாட்டார்கள் என்பதே நேரான பதில். நம் அரசமைப்புச் சட்டத்தில் பொதுவாக்கெடுப்பு என்ற வழியே கிடையாது. மாற்றும் முறையைப் பிரிவு 368 சொல்கிறது. மக்களவை, மாநிலங்களவை இரண்டிலும் தனித்தனியாக மசோதா தேற வேண்டும். அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரிக்க வேண்டும். அந்த எண்ணிக்கை, வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையவும் கூடாது. 543 பேர் கொண்ட மக்களவைக்கு எல்லாரும் வந்துவிட்டால் 362 பேர் தேவை. மாநிலங்களின் அதிகாரத்தைத் தொடும் சில திருத்தங்களுக்குப் பாதி மாநிலங்களின் சட்டமன்ற ஒப்புதலும் வேண்டும். இதற்கு மேல் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. 1973 ஏப்ரல் 24 அன்று, கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்து, 7க்கு 6 என்ற கணக்கில், சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் சிதைக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில் நிற்கும் அணை அது.

ஆனால் ஒரு முறை, டில்லியில் இருந்த ஓர் அரசு பொதுவாக்கெடுப்பை அரசமைப்புச் சட்டத்துக்குள் கொண்டுவர முயன்றது. நம்மில் பலருக்கு இது தெரியாது. பள்ளிப் பாடப் புத்தகங்களும் பெரிதாகச் சொல்வதில்லை.

நெருக்கடி நிலைக் காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1975 ஜூனில் தொடங்கி 1977 மார்ச் வரை நீடித்தது. தமிழகத்தில் தி.மு.க. அரசு 1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்டது. டில்லி துர்க்மான் கேட்டில் முஸ்லிம்கள் வாழ்ந்த வீடுகள் இடிக்கப்பட்டு, எதிர்த்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்ததும் அந்த 1976இல்தான். எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருக்கும்போதே 42ஆவது திருத்தம் நிறைவேறியது. மக்களவையின் ஆயுள் ஐந்திலிருந்து ஆறு ஆண்டானது. அரசமைப்புத் திருத்தம் எதையும் எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று எழுதிவைத்தார்கள்.

1977இல் மொரார்ஜி தேசாய் தலைமையில் வந்த ஜனதா அரசு இதையெல்லாம் திருத்த நினைத்தது. சட்ட அமைச்சர் சாந்தி பூஷண். 1978இல் அவர் கொண்டுவந்த 45ஆவது திருத்த மசோதாவில்தான் அந்தப் புதிய யோசனை இருந்தது. நான்கு விஷயங்களில் கைவைக்கும் எந்தத் திருத்தமும், நாடாளுமன்றத்தில் தேறினால் மட்டும் போதாது, மக்களிடம் பொதுவாக்கெடுப்புக்கும் போக வேண்டும் என்றது மசோதா. நாட்டின் மதச்சார்பற்ற, ஜனநாயகத் தன்மை ஒன்று. அடிப்படை உரிமைகள் இன்னொன்று. வயது வந்தோர் வாக்குரிமைப்படி நடக்கும் சுதந்திரமான தேர்தலும், நீதித்துறையின் சுதந்திரமும் மற்ற இரண்டு. வாக்காளர்களில் குறைந்தது 51 சதவீதம் பேர் வந்து வாக்களிக்க வேண்டும், அதில் பெரும்பான்மை ஆதரிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

நோக்கம் நல்லது. சிறைக்குப் போய் வந்தவர்கள் போட நினைத்த கூடுதல் பூட்டு அது. அதைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பென்சிலை எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு வாக்காளர்கள். 51 பேர் வந்தால் வாக்கெடுப்பு செல்லும். அந்த 51இல் 26 பேர் ஆம் என்றால் திருத்தம் செல்லும். நாடாளுமன்றத்தில் ஏற்கெனவே மூன்றில் இரண்டு பங்கு கையில் வைத்திருக்கும் கட்சிக்கு, அதன் பிறகு தேவைப்படுவது நூற்றில் 26 பேர். 2011 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் முஸ்லிம்கள் நூற்றில் ஏறத்தாழ 14 பேர். பிரிவு 25 தரும் மத உரிமையோ, சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்தப் பிரிவு 30 தரும் உரிமையோ வாக்குச் சீட்டில் கேள்வியாக வந்தால், நம் 14 பேரும் விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்றாலும் முடிவு நம் கையில் இராது.

நம் பக்கத்து வாய்க்கால் வழக்கத்தை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். பாளையங்கால்வாயிலோ கோடகன் கால்வாயிலோ கடைமடை வயலுக்கு ஒரு பங்குத் தண்ணீர் உண்டு. "கடைமடைக்குத் தண்ணீர் விடலாமா, வேண்டாமா? எல்லாரும் கை தூக்குங்கள்" என்று ஒரு கூட்டம் போட்டால், அந்தக் கூட்டத்தில் தலைமடைக்காரர்கள்தான் அதிகம் இருப்பார்கள். கை தூக்குவதில் ஒரு மோசடியும் இருக்காது. கடைமடை மட்டும் காய்ந்துபோகும். எண்ணிப் பார்க்காமல் கொடுக்க வேண்டியது என்று முதலிலேயே ஒத்துக்கொண்டதற்குத்தான் உரிமை என்று பெயர்.

மக்களவை அந்த மசோதாவை 1978 ஆகஸ்டில் நிறைவேற்றியது. மாநிலங்களவையில் ஜனதாவுக்குப் பலம் இல்லை. காங்கிரஸ் உறுப்பினர்கள் பொதுவாக்கெடுப்புப் பகுதியை நீக்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தவை 44ஆவது திருத்தமாகச் சட்டமாயின. மக்களவையின் ஆயுள் மறுபடி ஐந்து ஆண்டானது. உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் காப்பான பிரிவு 21ஐ நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது என்ற பெரிய நன்மையும் அதில்தான் கிடைத்தது. நீதிமன்றத்தின் வாயைக் கட்டிய 42ஆவது திருத்தப் பகுதியை 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. ஆக, பொதுவாக்கெடுப்பு வராமலேயே பூட்டு திரும்பக் கிடைத்தது.

அந்தப் பூட்டு வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? நான்கே ஆண்டுகளில் கடலுக்கு அந்தப் பக்கம் விடை தெரிந்தது. கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போய் வந்த நம் ஊர்க் குடும்பங்களில் சிலருக்கு இது நினைவிருக்கலாம். இலங்கையின் 1978 அரசமைப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பூட்டு ஏற்கெனவே இருந்தது. நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுக்கு மேல் நீட்ட வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் வேண்டும், பொதுவாக்கெடுப்பும் வேண்டும். தேர்தலைத் தள்ளிப்போடாமல் தடுக்க வைத்த காவல் அது. 1977 தேர்தலில் 168 இடங்களில் 140ஐ வென்றிருந்த ஜே.ஆர். ஜயவர்தனாவின் கட்சி, புதிய விகிதாசார முறையில் தேர்தல் வைத்தால் அவ்வளவு இடம் கிடைக்காது என்று அறிந்திருந்தது. தேர்தலுக்குப் பதிலாக, இதே நாடாளுமன்றம் இன்னும் ஆறு ஆண்டு தொடரலாமா என்று மக்களிடம் கேட்டது.

1982 டிசம்பர் 22 அன்று வாக்கெடுப்பு. ஆம் என்பதற்கு விளக்குச் சின்னம், இல்லை என்பதற்குக் குடம். அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்தது. முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடிமை உரிமைகள் 1980லேயே பறிக்கப்பட்டிருந்தன. விளக்குக்கு 54.66 சதவீதம் கிடைத்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டார்கள். நாட்டுக் கணக்கில் அது கரைந்துபோனது. அடுத்த ஆண்டு ஜூலையில் தமிழர்கள்மீது பெரும் வன்முறை நடந்தது. ஆகஸ்டில் வந்த ஆறாவது திருத்தத்தின் உறுதிமொழியை ஏற்காத தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள். அடுத்த பொதுத்தேர்தல் 1989 பிப்ரவரியில்தான். இடையில் வாக்கு வயதுக்கு வந்த பிள்ளைகள் பலர் இருபது வயதைத் தாண்டிய பிறகே முதல் பொதுத்தேர்தலைப் பார்த்தார்கள்.

பொதுவாக்கெடுப்பே கெட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. 1967 ஜனவரி 16 அன்று கோவா மக்களிடம், மகாராஷ்டிரத்தோடு சேருவதா, தனியாக இருப்பதா என்று கேட்டார்கள். தனியாக இருப்பது 34,021 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. (அதன் சின்னம் இரட்டை இலை என்பது நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வேடிக்கை.) எல்லா வீட்டையும் ஒரே மாதிரி பாதிக்கும் கேள்வி அது. ஆகவே எல்லாரிடமும் கேட்பதில் நியாயம் இருந்தது. சிலருக்கு மட்டும் உரிய உரிமையை எல்லாரிடமும் கேட்பது வேறு காரியம்.

நம் பேட்டையில் பிறந்த காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாஹிப் அரசமைப்பு நிர்ணய சபையில் இருந்தார்கள். 1948 நவம்பர் 23 அன்று, எந்தச் சமுதாயத்தையும் அதன் தனியார் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அவர்கள் கொண்டுவந்த திருத்தம் சபையில் தோற்றது. தோற்றாலும் அவர்களின் வாதம் சபைக் குறிப்பில் பதிவானது. வாக்குச் சீட்டில் ஆம், இல்லை என்ற இரண்டே கட்டங்கள் இருக்கும். காரணம் சொல்ல அங்கே இடம் இராது. பேசி, மறுத்து, எழுதிவைக்கும் சபையில் சிறுபான்மைக்கு அந்த இடமாவது உண்டு. அதே சபைதான் பிரிவு 30ஐயும் தந்தது. பாளையங்கோட்டையில் 1971இல் தொடங்கிய சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி போன்றவை நிற்பது அந்தப் பிரிவின் மேல்தான்.

ஆகவே நம்மிடம் கேட்கும் இடம் எது என்று தெரிந்துகொள்வது முக்கியம். மசோதா நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்குப் போகும்போது பொதுமக்களின் கருத்தை எழுத்தில் கேட்பது வழக்கம். ஜமாஅத் நிர்வாகங்கள் அதைக் கவனித்து, தமிழிலாவது எழுதி அனுப்பலாம். தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு பிரதி போக வேண்டும். 362 என்ற அந்த எண்ணிக்கையில் அவரும் ஒருவர். அவரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் நம் வீட்டுப் பெயர்கள் சரியாக இருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். கல்யாணமாகி ஊர் மாறிய பெண்களின் பெயரும், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களின் பெயரும்தான் பெரும்பாலும் விட்டுப்போகின்றன. புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, திருத்தவும் முகவரி மாற்றவும் படிவம் 8. வாக்கை அமானிதம் என்றும் சாட்சியம் என்றும் ஆலிம்கள் சொல்வார்கள். பட்டியலில் பெயரே இல்லாதவர் எந்தச் சாட்சியைச் சொல்வார்?

அரசமைப்புச் சட்டம் தமிழில் கிடைக்கிறது. பிரிவு 25 முதல் 30 வரை படிக்க அரை மணி நேரம்கூட ஆகாது. இந்த மாதம் மஃரிபுக்குப் பிறகு ஒருநாள், கல்லூரியில் படிக்கும் பிள்ளை உரக்க வாசிக்க, வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், எழும் சந்தேகங்களை எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.