தறிக்கூடத்துத் தேநீர்: கூலியா, ஸதகாவா?

காஞ்சிபுரத்தில் ஐந்தாறு தறி போட்டு, ஆள் வைத்துப் பட்டு நெய்விக்கும் ஒரு சகோதரர் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். காலை பதினொரு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் நெய்பவர்களுக்குத் தேநீரும், வடையோ போண்டாவோ ஏதேனும் ஒரு பலகாரமும் வாங்கிக் கொடுக்கிறார். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் அது ஒரு பெரிய தொகையாக நிற்கிறது. கடந்த இரண்டு வருஷமாக அதை ஜகாத்தில் கழித்து வருகிறாராம். "அது கூடாதென்றால் கூலியிலாவது பிடித்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார். சில்லறைக் கேள்வி போலத் தோன்றினாலும் கூலி, கடன், அமானத்து என்ற மூன்று பாடங்களும் இதற்குள் அடங்கியிருக்கின்றன. ஜகாத்தைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் கூலி. வேலைக்கு அமர்த்துகிறவர் கூலி இவ்வளவு என்று முன்னதாகவே தெரிவித்துவிட வேண்டும். 'சாப்பாடு போடுகிறேன், அதுதான் உன் கூலி' என்று மொட்டையாகப் பேசினால் ஷாபிஈ மத்ஹபில் அந்த ஒப்பந்தமே பாஸிதாகிவிடும். அந்த வேலைக்கு ஊரில் நடக்கும் கூலியைக் கொடுத்தாக வேண்டும். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் பாலூட்டும் தாய்க்கு மட்டும், உணவும் உடையும் கூலியாக இருப்பதை அனுமதித்தார்கள். சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசி முடித்து, தேநீரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், வாரக் கடைசியில் அதற்கென்று தொகையைப் பிடிப்பது பேசிய கூலியைக் குறைப்பதேயாகும். ஆளை வைத்து முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று ஹதீஸ் குத்ஸியில் வந்திருப்பதை நாம் அறிவோம். வடைக் காசுதானே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

தேநீரை நிறுத்திவிடலாமா? அன்பளிப்பாகக் கொடுத்து வந்தது என்றால் நிறுத்துவது குற்றமல்ல. ஆனால் ஊர் வழக்கமாகிவிட்டது, வாயால் பேசி நிபந்தனை போட்டதற்குச் சமம் என்று புகஹாக்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். தறிக்காரர்கள் எல்லோரும் கொடுக்கும் தெருவில், அதை நம்பி ஒருவர் வேலைக்கு வந்திருந்தால், பாதிச் சேலையில் நிறுத்துவது முறையல்ல. கையில் உள்ள சேலை முடிந்து, அடுத்த பாவு ஏற்றும்போது சொல்லிவிட்டு நிறுத்தலாம். சர்க்கார் 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்குத்தான் உணவுக்கூடத்தைக் கட்டாயமாக்கியது. ஐந்து தறிக் கூடத்தை அது தொடவில்லை. அங்கே முதலாளியின் மனசாட்சிதான் சட்டம்.

பணியாள் உணவைக் கொண்டுவந்தால் அவரை உடன் உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றிரண்டு கவளமாவது கொடுங்கள், அதன் சூட்டையும் சிரமத்தையும் தாங்கியவர் அவரே என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது புகாரி ஷரீபில் இருக்கிறது. இதைப் படிக்கும்போது எனக்கு நெய்பவரை விட, கடைக்குப் போய்த் தேநீர் வாங்கி வரும் ஆள்தான் நினைவுக்கு வருகிறார். வெயிலில் தூக்குப் பாத்திரத்தோடு நடந்து வருகிறவர் அவர். எல்லோருக்கும் ஊற்றிய பிறகு அடியில் மிஞ்சினால்தான் அவருக்கு! பல இடங்களில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஹதீஸ் நேராக அவரைப் பற்றியே பேசுகிறது. அபூதர் (ரலி) அவர்கள் தாம் உடுத்தியது போன்ற உடையையே தம் அடிமைக்கும் கொடுத்திருந்தார்கள். அந்த ஹதீஸ் அடிமைகளைப் பற்றியது, கூலியாளுக்கு உணவு கொடுப்பது வாஜிபல்ல என்பது உண்மைதான். ஆனாலும் முதலாளிக்கு ஏலக்காய்த் தேநீர், தறியாளுக்கு ஆறிப்போன தேநீர் என்று வைப்பவர் அதை ஓதிவிட்டு என்ன பதில் சொல்வார்?

காஞ்சியில் நெய்பவர்களில் பெரும்பாலோர் ஹிந்துச் சகோதரர்கள். அவர்களுக்கு உபசாரம் செய்யத் தடையில்லை. மார்க்க விஷயத்தில் நம்மோடு போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்று திருமறை (60:8) தெளிவாகக் கூறுகிறது. புரட்டாசியில் அசைவம் தொடாதவருக்குப் பிரியாணிப் பொட்டலம் கொடுத்துவிட்டு உபசரித்தோம் என்று நினைப்பது தவறு. அவர்கள் வரதராஜப் பெருமாள் கோயிலிலிருந்து மிளகும் சுக்கும் மணக்கும் இட்லியைப் பிரசாதமாகக் கொண்டுவந்து அன்போடு நீட்டுவதும் உண்டு. படைக்கப்பட்ட உணவை நாம் உண்பதில்லை. அதை முகம் கோணாமல் சொல்ல வேண்டும். உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் அதைச் சாப்பிடவில்லை. ஆனால் இழித்தும் பேசவில்லை, தம் ஊரில் அது பழக்கமில்லை என்று மட்டும் சொன்னார்கள். அது ஹலாலான உணவு, இது வேறு. நாம் எடுத்துக்கொள்வது மறுக்கும் பண்பை மட்டுமே. ரமளானில் பகல் நேரத்துத் தேநீரைப் பற்றிப் புகஹாக்களிடையே பேச்சு உண்டு. நோன்பில்லாத வேலையாளுக்கு அந்த மாதம் காசாகக் கொடுத்துவிட்டால் பேணுதலும் ஆகும், அவர் பங்கும் குறையாது.

கறை விஷயமும் ஒன்று உண்டு. எண்ணெய்க் கையோடு பட்டைத் தொட்டால் சேலை போயிற்று. குழித்தறியில் காலை உள்ளே விட்டு அமர்ந்திருப்பவர் எழுந்து போய்த் திண்ணையில் சாப்பிட்டுக் கை கழுவி வர அரைமணி ஆகும் என்று சிலர் போண்டாவைத் தறிக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பிறகு கறை பட்டால் கூலியில் பிடிக்கிறார்கள்! முதலாளியின் இடத்தில் வேலை செய்பவர் கையில் உள்ள பொருள் அமானத்து. அவருடைய அலட்சியத்தால் கெட்டால்தான் அவர் ஈடு கொடுக்க வேண்டும். எழக்கூடாதென்று உட்கார வைத்து எண்ணெய்ப் பலகாரம் கொடுத்தவரே அலட்சியக்காரர். அரைமணியை மிச்சப்படுத்தப் போய் அவர் சேலையை இழந்தார், நஷ்டம் அவருடையது.

இதைவிடக் கடுமையானது முன்பணம். நெய்பவருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, அதைச் சொல்லிச் சேலைக்கு நூறோ இருநூறோ கூலி குறைப்பது கடன் மூலம் ஆதாயம் தேடுவது; அது வட்டி. கடன்பட்டவர் அனுப்பும் ஒரு சுமை வைக்கோலைக்கூட வாங்காதே, அது வட்டி என்று அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் எச்சரித்தது புகாரியில் உள்ளது. தினம் இரண்டு வேளை தேநீர் கொடுப்பதால் இந்த வட்டி கழியாது.

இனி ஜகாத்து. தேநீரும் பலகாரமும் கொடுத்து ஜகாத்தை நிறைவேற்ற முடியாது. ஜகாத்து, உரியவரின் கையில் அவர் சொத்தாக ஒப்படைக்கப்பட வேண்டும். இங்கே உட்கார்ந்து உண்ண அனுமதிக்கிறோம், அவ்வளவுதான். அதனால்தான் விருந்தாளி மிச்சத்தைக் கேட்காமல் வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை. பெறுபவர் ஜகாத்துக்கு உரியவராகவும் இருக்க வேண்டும். பெரும்பாலான இமாம்களிடம் முஸ்லிமல்லாதவருக்கு ஜகாத்துச் சேராது, நபிலான ஸதகா சேரும். வேலை நன்றாக நடக்கட்டும் என்று கொடுப்பது வியாபாரச் செலவு. அல்லாஹ்வுக்காக என்று நிய்யத்து வைத்தால் ஸதகாவின் நன்மை உண்டு. அந்தச் சகோதரர் இரண்டு வருஷமாகக் கழித்த தொகை அவர் மீது இன்னும் கடனாகவே நிற்கிறது. பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்து, கழித்த ஒவ்வொரு ரூபாயையும் கூட்டி, இந்த வருஷத்து ஜகாத்தோடு சேர்த்து உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.